தனியே கண்ட ஆக்ரா



பிரிவு என்பது தமிழர்க்குப் புதிய பொருள் அன்று. அகத்திணைகளுள் பாலைக்குப் பிரிவையே உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். முல்லையின் காத்திருத்தலும் நெய்தலின் இரங்கலும் பிரிவை ஒட்டி எழுவனவே. ஆயினும் அப்பிரிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு முடிவு உண்டு. பொருள் தேடச் சென்றவன் கார்காலத்தில் திரும்புவான். போருக்குச் சென்றவனின் தேர் ஒரு மாலையில் ஊர் எல்லைக்கு வந்து சேரும். இருவரில் ஒருவர், "இனி இவ்வுறவு வேண்டா" என்று சொல்லி முடித்துக்கொள்ளும் பிரிவு அத்தகையதன்று. அதில் எதிர்நோக்குதற்கு மழைக்காலமும் இல்லை. வழி பார்ப்பதற்குத் தேரும் இல்லை.

இன்று இளைஞர் பலர் படும் துன்பம் இவ்வகையைச் சேர்ந்தது. நிச்சயித்த திருமணம் நின்றுபோகிறது; ஆண்டுக்கணக்கில் பழகிய உறவு ஒரு நாளில் அறுந்துபோகிறது. அத்தகைய வேளையில் ஒருவர் தனியே புறப்பட்டு, காதலுக்குப் பெயர்போன ஒரு பழைய நகரத்துக்குச் செல்வது தகுமா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல் ஆகிவிடாதா? இவ்வினாவையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். நகரம், ஆக்ரா. அங்கு அவ்வாறு சென்று வந்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

1986ஆம் ஆண்டு எனக்கு வயது 27. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப்பள்ளியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். திருமணம் நிச்சயமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அவ்வோராண்டில் பெண்ணும் நானும் பெரியோர் அறியக் கடிதங்கள் எழுதிக்கொண்டோம். ஆவணியில் மணம்; காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஆக்ரா செல்வது என்று முடிவு செய்து, ரயிலில் இருவர்க்கும் இடம் பதிவு செய்திருந்தேன். ஆடி மாதத்தில் பெண்ணின் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நெடுநேரம் தலை குனிந்தபடி அமர்ந்திருந்தார். பிறகு, "பெண்ணுக்கு இம்மணத்தில் மனமில்லை, மேலே படிக்க விரும்புகிறாள். கட்டாயப்படுத்த எங்களுக்கு மனம் வரவில்லை, மன்னிக்க வேண்டும்" என்று சொல்லி, நிச்சயத் தட்டில் நாங்கள் வைத்த மோதிரத்தைத் திருப்பித் தந்தார்.

என் தந்தையார் கொதித்தெழுந்தார். சிற்றப்பன்மார் இருவரும், "பெண் வீட்டுக்குச் சென்று நியாயம் கேட்போம், செலவுக்குக் கணக்குக் கேட்போம்" என்றார்கள். ஊர்ப் பெரியவர்களை அழைத்துச் செல்வதென்று பேச்சு நடந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எது சரி என்று எனக்கே தெளிவாகாத நேரம் அது. "விடுமுறை முடிந்து வந்து பேசுவோம், அப்பா, அதுவரை யாரும் போக வேண்டாம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இரண்டு பயணச்சீட்டுகளில் ஒன்றை ரத்துச் செய்துவிட்டு, மற்றதோடு சென்னை சென்ட்ரலில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

தனியே செல்பவனை இந்த நாடு தனியே விடுவதில்லை. நாகபுரி தாண்டுவதற்குள் எதிர் இருக்கைக்காரர்கள் என் ஊர், தொழில், சம்பளம் ஆகிய மூன்றையும் கேட்டறிந்துவிட்டார்கள். "வீட்டில் அழைத்து வரவில்லையா?" என்ற கேள்வியும் வந்தது. இந்திப் பிரசார சபைத் தேர்வுகளுக்காகப் படித்திருந்த சிறிதளவு இந்தியில், "இன்னும் மணமாகவில்லை" என்றேன். சொல்வதற்கு அது அவ்வளவு கடினமாக இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

இனி ஆக்ராவுக்கு வருவோம். தாஜ்மகாலைக் காதல் மாளிகை என்று வழங்குகிறோம். இணையராகச் சென்று அதன் முன் படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எனினும் வரலாற்றை நிதானமாகப் பார்த்தால், இணைந்து வாழ்வதற்காக அது கட்டப்பட்டதன்று என்பது விளங்கும். அஃது ஒரு கல்லறை. ஷாஜகானுக்கும் அர்ஜுமந்த் பானுவுக்கும் நிச்சயம் நடந்தது 1607இல். மணம் நடந்தது 1612இல். இடையில் ஐந்தாண்டுக் காத்திருப்பு. பின்னர் 19 ஆண்டு இல்வாழ்வு. 1631ஆம் ஆண்டு சூன் மாதத்தில், தக்காணப் போரின் நிமித்தம் பேரரசர் தபதி ஆற்றங்கரைப் புர்ஹான்பூரில் தங்கியிருந்தபோது, பதினான்காம் மகப்பேற்றில் அவ்வம்மையார் உயிர் நீத்தார். அங்கேயே ஒரு தோட்டத்தில் அடக்கம் செய்து, ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பிறகு உடலை ஆக்ராவுக்குக் கொண்டு வந்தனர். 1632இல் கட்டட வேலை தொடங்கியது. சுற்றுக் கட்டடங்கள் அனைத்தும் முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. மனைவியை இழந்த பிறகு ஷாஜகான் 35 ஆண்டுகள் வாழ்ந்தார். இல்வாழ்வு 19, தனி வாழ்வு 35. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் பொருளை நான் உணர்ந்தது, அவ்வெண்பளிங்கு மேடையில் தனியே நின்றபோதுதான்.

மேலும் கேளுங்கள். 1658இல் மகன் ஔரங்கசீப் அரியணையைக் கைப்பற்றித் தந்தையை ஆக்ராக் கோட்டையில் காவலில் வைத்தார். 1666ஆம் ஆண்டு சனவரியில் இறக்கும்வரை ஷாஜகான் அங்கேதான் இருந்தார். துணை நின்றவர் மகள் ஜகனாரா. கோட்டையில் முசம்மன் புர்ஜ் என்னும் எண்கோண மாடம் ஒன்று உண்டு. அங்கிருந்து பார்த்தால், யமுனையின் வளைவுக்கு அப்பால் தாஜ்மகால் சிறிய பொம்மை போல் தெரியும். ஆக, அந்நகரத்தின் தலைசிறந்த குடிமகன் தனியன். தனியாய் இருந்து பார்த்தவன். தனியே செல்பவர் ஆக்ராவில் அழையாத விருந்தாளி ஆகார். அந்நகரமே பின்தங்கியவர்களின் நகரம்.

தாஜ்மகால் ஒன்றை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. ஆற்றின் மறுகரையில் இதிமாத் உத்தௌலாவின் கல்லறை இருக்கிறது. நூர்ஜகான் தம் பெற்றோருக்காக 1622க்கும் 1628க்கும் இடையே கட்டியது அது. அப்பெரியவர் மனைவி மறைந்த சில மாதங்களிலேயே தாமும் மறைந்தார். இருவரும் அருகருகே உறங்குகிறார்கள். அவர்தாம் மும்தாஜின் பாட்டனார். ஆக்ராவின் ரோமன் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சிவப்புக் கல்லால் ஆன சிறிய தாஜ்மகால் ஒன்று நிற்கிறது. சிந்தியாவின் படையில் பணிபுரிந்த ஹெஸ்ஸிங் என்னும் டச்சுக்காரர் 1803இல் இறந்தார். அவர் மனைவி கணவருக்காக எழுப்பியது அது. பேரரசனுக்குப் பளிங்கு கிடைத்தது. படைத்தலைவரின் மனைவிக்குச் செங்கல் நிறத்து மணற்கல் கிடைத்தது. அன்பின் அளவு கல்லின் விலையைப் பொறுத்ததா என்ன?

பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. பிரித்தானிய இளவரசர் சார்லஸ் 1980இல் மணமாகாதவராக வந்து தாஜ்மகாலைப் பார்த்தார். மனைவியுடன் மீண்டும் வருவதாகச் சொல்லிச் சென்றார். 1992ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய மனைவி டயானா வந்தார், தனியாக வந்தார். குளத்தருகே உள்ள பளிங்கு இருக்கையில் அவர் தனியே அமர்ந்திருந்த படத்தை உலகம் முழுவதும் பார்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவ்விருவரின் பிரிவு அறிவிக்கப்பட்டது. 1996இல் மணமுறிவு. இப்போது அவ்விருக்கையையே டயானாவின் பெயரால் வழங்குகிறார்கள். அதில் இணையராக அமர்ந்து படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சற்றுப் புன்னகை தோன்றும்.

தனியே சென்றவனுக்கு ஒரு நன்மை உண்டு. அவன் பார்க்கிறான். பிற்காலத்தில் மனைவி மக்களோடு மீண்டும் ஆக்ரா சென்றேன். மகளின் தொப்பியைத் தேடியதும், மகனுக்குத் தண்ணீர் வாங்கியதும், மனைவி செருப்பு விட்ட இடத்தை நினைவு வைத்துக்கொண்டதுமாக அந்நாள் கழிந்தது. அது வேறு வகை இன்பம், குறை சொல்லவில்லை. ஆனால் கல்லைப் பார்த்தது முதல் பயணத்தில்தான்.

மும்தாஜின் நினைவுப் பேழை மண்டபத்தின் நட்ட நடுவில் உள்ளது. ஷாஜகானின் பேழையோ மேற்கே ஒதுங்கி, பின்னர் சேர்த்து வைத்ததாய் அமைந்திருக்கிறது. எங்கும் இடமும் வலமும் ஒத்திருக்கும் அம்மாளிகையில் ஒவ்வாத பொருள் அது ஒன்றே. உண்மையான கல்லறைகள் கீழ் அறையில் உள்ளன. வாயிலைச் சுற்றி எழுத்துக்களைப் பொறித்தவர் அமானத் கான். அண்ணாந்து பார்ப்பவர்க்கு ஒரே அளவாய்த் தோன்றும்படி, மேலே செல்லச் செல்ல எழுத்துக்கள் பெரிதாக்கப்பட்டிருக்கின்றன என்பர். நான்கு மினார்களும் சற்றே வெளிப்புறம் சாய்ந்தவை. இவையெல்லாம் ஏக்கப் பெருமூச்சால் ஆனவையல்ல, கணக்கால் ஆனவை. மக்ரானாவிலிருந்து பளிங்கு கொண்டு வந்தவனும், ஆற்றங்கரை மணலில் கிணறு கிணறாய்த் தோண்டிக் கல்லால் நிரப்பி அடித்தளம் இட்டவனும் இல்லையேல், பேரரசரின் துயரம் ஆற்றோடு போயிருக்கும்.

கதைகளும் உண்டு. வேலை முடிந்ததும் சிற்பிகளின் கைகளை வெட்டினார்கள் என்பது ஒன்று. அதற்குச் சான்று இல்லை. எதிர்க்கரையில் தமக்கெனக் கறுப்புத் தாஜ்மகால் கட்டப் பேரரசர் எண்ணினார் என்பது மற்றொன்று. 1990களில் அக்கரையில் உள்ள மெகதாப் தோட்டத்தில் அகழ்ந்து பார்த்தபோது கிடைத்தது எண்கோணக் குளம் ஒன்று. வெள்ளைத் தாஜ்மகாலின் நிழல் விழுவதற்காக அமைத்த குளம் அது. துயரத்துக்கு அருகில் கட்டுக்கதை எளிதில் முளைக்கும். நம் சொந்தத் துயரத்திலும் அப்படித்தான். நடந்தது சிறிது, நாம் சேர்த்துக்கொள்வது பெரிது.

இன்னொரு செய்தி எனக்கு மிக விருப்பமானது. 1652இல் ஔரங்கசீப் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், மழைக்காலத்தில் தாஜ்மகாலின் குவிமாடம் ஒழுகுகிறது என்று தெரிவித்திருக்கிறார். உலகத்தின் பேரழகிய நினைவுச்சின்னமும் ஒழுகியது; பழுது பார்க்கப்பட்டது. இன்றும் அப்பளிங்கின் மஞ்சளைப் போக்க, முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசிக் கழுவுகிறார்கள். புகையினால் கேடு வருவது பற்றி 1984இல் தொடுக்கப்பட்ட வழக்கில், சுற்றுப்புறத் தொழிற்சாலைகள் நிலக்கரியை விட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நினைவைப் போற்றுவதற்கும் நாள்தோறும் உழைப்பு வேண்டும்.

தாஜ்கஞ்சுத் தெரு ஒன்றில், பளிங்கில் வண்ணக்கல் பதிக்கும் பட்டறையில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தேன். முதியவர் ஒருவர் சாணைச் சக்கரத்தில் நகக்கண் அளவுச் சிவப்புக் கல்லைத் தேய்த்து இதழ் ஆக்கிக்கொண்டிருந்தார். பள்ளத்தில் வைத்துப் பார்த்தார், அது பொருந்தவில்லை. எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டு வேறு கல்லை எடுத்தார். "வீணாகிவிட்டதா, பெரியவரே?" என்று கேட்டேன். "ஏன் வீணாகிறது, பாபுஜி? கல்லும் நல்ல கல். பள்ளமும் சரியான பள்ளம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகவில்லை. இந்தக் கல்லுக்கு வேறு பூ வரும்" என்றார். அவருக்கு என் கதை தெரியாது. தொழிலைப் பற்றித்தான் சொன்னார். நான் மட்டும் அதை எழுதி வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை தாஜ்மகாலின் முன் அமர்ந்திருந்தபோது ஒன்று தெளிவாயிற்று. இன்று இப்பேச்சில் நான் சொல்ல விரும்புவதும் அதுவே. ஷாஜகானின் மனைவி இறந்தார். அவர் கல்லறை கட்டினார். என்னைப் பிரிந்தவரோ இறக்கவில்லை. தம் ஊரில், தம் வீட்டில், தமக்கென ஒரு வாழ்வை எண்ணிக்கொண்டு நலமாக இருக்கிறார். உயிரோடு இருப்பவருக்குக் கல்லறை கட்டலாகாது. அது துயரம் என்ற பெயரில் செய்யும் தீங்கு. அவர் வீட்டு வாசலில் ஊரைக் கூட்டி நியாயம் கேட்பதும் ஒருவகைக் கல்லறைதான். அவரை, 'என்னை வேண்டாமென்றவள்' என்ற ஒரே பெயருக்குள் அடைத்துப் பூட்டுவதாகும் அது.

நம் பழைய இலக்கியத்தில் மடலேறுதல் என்றொரு மரபு உண்டு. காதல் கைகூடாத தலைவன் பனங்கருக்கால் குதிரை செய்து ஏறி, ஊர் நடுவே தன் துன்பத்தைக் காட்டுவேன் என்பான். பாட்டில் படிக்கச் சுவையாய் இருக்கும். வாழ்க்கையில் ஒரு பெண்ணின் மறுப்பை ஊரறியச் செய்து அவளை நெருக்குவது ஆண்மையும் ஆகாது; அன்பும் ஆகாது. மறுக்கப்பட்ட ஆத்திரத்தில் கத்தியையும் அமிலத்தையும் எடுத்தவர்களைப் பற்றி நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். அவர்களும் எங்கோ ஒரு வகுப்பறையில் அமர்ந்து படித்தவர்களே. 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டு, அதை ஒரு முழு விடையாக ஏற்றுக்கொள்ள நம் பையன்களுக்கு நாம் கற்பிக்க வேண்டும். ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்த காலமெல்லாம் இதை நான் வலியுறுத்தி வந்திருக்கிறேன்.

ஊர் திரும்பினேன். தாய்க்கு ஆக்ராவின் வெண்பூசணி மிட்டாயைக் கொடுத்தேன். தந்தையாரிடம், "அப்பா, அவர்கள் வீட்டுக்கு யாரும் போக வேண்டாம்" என்றேன்.

"ஊருக்கு என்ன பதில் சொல்வதடா?"

"கேட்பவர்க்கு நான் சொல்லிக்கொள்கிறேன், அப்பா. அந்தப் பெண்ணுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். அது குற்றம் அன்று."

அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். அத்துடன் அப்பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது. அப்பெண் எனக்கு எழுதிய கடிதங்களை உறையிலிட்டு, அவருடைய தாய்மாமனிடமே ஒப்படைத்தேன். மூன்றாண்டுக்குப் பின் எனக்கு மணமாயிற்று. மணத்துக்கு முன்பே என் மனைவியிடம் இவற்றையெல்லாம் சொல்லியிருந்தேன்.

இப்படிப் புறப்பட எண்ணும் இளைஞர்க்கும், நங்கையர்க்கும் சில நடைமுறைச் செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். திரும்பும் நாளைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். முடிவில்லாப் பயணம் ஓட்டமாகிவிடும். தங்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்கேனும் தெரிவியுங்கள். நாள்தோறும் ஒரு முறை அவருடன் பேசுங்கள். டிசம்பர், சனவரியில் காலை மூடுபனி தாஜ்மகாலை மறைத்துவிடும். அக்டோபர், நவம்பரும், பிப்ரவரி, மார்ச்சும் ஏற்றவை. வெள்ளிக்கிழமைகளில் பொதுப் பார்வைக்கு அனுமதி இல்லை. சூரிய உதயத்தில் சென்றால் கூட்டம் குறைவு. முழுநிலா நாளையொட்டிய சில இரவுகளில், முன்பதிவு செய்தவர்களை இரவிலும் அனுமதிக்கிறார்கள். வேளைக்கு உண்ணுங்கள். பார்த்ததை இரவில் எழுதி வையுங்கள். உணர்ந்ததை மட்டும் எழுதாதீர்கள், பார்த்ததையும் எழுதுங்கள்.

ஆனால் உணவும் உறக்கமும் ஒழிந்து, வாழ்வே வேண்டா என்ற எண்ணம் எழுமாயின், அப்போது தனிப்பயணம் கூடாது. அருகில் இருப்பவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எந்நேரமும் கிடைக்கும்; தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மணம் நின்ற பிள்ளை, "சில நாள் எங்கேனும் போய் வருகிறேன்" என்றால், "ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்காதீர்கள். வழிச்செலவுக்குப் பணமும், கட்டுச்சோறும் கொடுத்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அது போதும்.